17.3 என்ற எண்ணும் பாடநூலில் விடுபட்ட பக்கமும்: ஒரு ஜப்பானியப் பள்ளித் தொடரின் பின்னணி

'17.3 அபவுட் எ செக்ஸ்' என்ற ஜப்பானியத் தொடரைப் பார்ப்பவர்களுக்கு எழும் முதல் சந்தேகம் இதுதான். 2019 வரை தெருமுனைக் கடைகளில்கூட வயதுவந்தோர் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்த நாடு ஜப்பான். அந்த நாட்டில் 17 வயதுப் பெண்களுக்குக் கருத்தடை பற்றியும் சம்மதம் பற்றியும் இவ்வளவு அடிப்படையான கேள்விகள் எப்படி வரும்? கதைக்காகக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்களா?

கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அரசின் பாடத்திட்டத்தில் இருக்கிற இரண்டு வரிகள். அந்த வரிகள் எப்படி வந்தன, அவற்றால் விடுபட்ட இடத்தைத் தொலைக்காட்சி எப்படி நிரப்பியது, சட்டத்திலும் மருந்துக்கடையிலும் அதன் விளைவு என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தொடர் முழுதாகப் புரியும்.

## முதலில் அந்த எண்

தொடர் 2020 செப்டம்பரில் அபேமா என்ற இணையத் தளத்தில் வந்தது, மொத்தம் 9 பகுதிகள். அபேமா, சைபர் ஏஜென்ட் நிறுவனமும் டிவி அசாஹி தொலைக்காட்சியும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய தளம். தொடரை எழுதியவர் மேடை நாடகத்திலிருந்து வந்த யூரி யமாடா. சகுரா, ட்சுமுகி, யூனா என்று மூன்று தோழிகள். மூவருக்கும் 17 வயது. முதல் உடலுறவுக்கான உலகச் சராசரி வயது 17.3 என்று ஒரு தகவல் அவர்கள் காதில் விழுகிறது. அப்படியானால் நாம் பின்தங்கிவிட்டோமா என்ற பதற்றத்தில்தான் கதை தொடங்குகிறது.

இந்த எண் கற்பனை இல்லை. ஆணுறை தயாரிக்கும் டியூரெக்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட கணக்கெடுப்பிலிருந்து வந்தது. 41 நாடுகளில் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இணையம் வழியாகப் பதில் சொன்னார்கள். பெரிய எண்ணிக்கைதான், ஆனாலும் அதை வைத்து ஒரு 17 வயதுப் பெண் தன்னை அளந்துகொள்ள முடியாது. ஏன் என்றால்:

1. 2005-இல் இணைய வசதி இருந்து, பாலியல் பற்றிய கேள்விகளுக்குத் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது. ஒரு நாட்டு மக்கள் அத்தனை பேரையும் இது காட்டாது.

2. முதல் அனுபவம் எந்த வயதில் என்று கேட்டால் அனுபவம் உள்ளவர்கள்தான் பதில் சொல்ல முடியும். அனுபவமே இல்லாதவர்கள் அந்தச் சராசரிக்குள் நுழையவே மாட்டார்கள். சகுரா தன்னை ஒப்பிட்டுக்கொள்வது தன்னைப் போன்றவர்களை ஏற்கெனவே விட்டுவிட்ட ஒரு கணக்கோடு.

3. சராசரி என்பது கெடு இல்லை. ஒரு வகுப்பின் சராசரி உயரம் 158 சென்டிமீட்டர் என்றால் 150 சென்டிமீட்டர் உள்ள பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. உயரத்தில் இது எல்லோருக்கும் புரிகிறது, இந்த விஷயத்தில் மட்டும் பெரியவர்களுக்கே தடுமாறுகிறது.

தொடரின் தலைப்பையே ஒரு தவறான அளவுகோலாக வைத்துவிட்டு, அந்த அளவுகோலை ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறார்கள். மாதவிடாய், கருத்தடை, பாலியல் தொல்லை, காதலே தோன்றாத மனநிலை என்று ஒவ்வொரு விஷயமாக வருகிறது. அவர்களுக்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்பவர் பள்ளியின் உயிரியல் ஆசிரியை, சோனிம் நடித்த பாத்திரம். அந்த ஆசிரியை ஏன் அவ்வளவு முக்கியமாகத் தெரிகிறார் என்பதைப் பாடநூலைத் திறந்து பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

## பாடநூல் எங்கே நின்றுவிடுகிறது

ஜப்பானில் கல்வி அமைச்சகம் 'பாடத்திட்ட வழிகாட்டி' ஒன்றை ஏறத்தாழ பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும். பாடநூல்கள் அதைப் பின்பற்றித்தான் எழுதப்படும். 1998-இல் வந்த திருத்தத்தில் இரண்டு வரிகள் சேர்ந்தன. ஐந்தாம் வகுப்பு அறிவியலில், மனிதர்களில் கருவுறுதல் வரை நடக்கும் நிகழ்வைக் கையாளக் கூடாது. நடுநிலைப் பள்ளி உடல்நலப் பாடத்தில், கருவுறுதலையும் கர்ப்பத்தையும் சொல்லலாம், ஆனால் 'கர்ப்பத்தின் போக்கைக்' கையாளக் கூடாது. 'போக்கு' என்று மங்கலாகச் சொன்னாலும் அதற்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொருள் உடலுறவு. இந்த வரிகளை ஜப்பானில் 'ஹதோமே கிதெய்' என்கிறார்கள். வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்போமே, அந்த மாதிரியான விதி என்று பொருள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருக்கும் அறிவியல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். விந்தணு பற்றி இருக்கும், கருமுட்டை பற்றி இருக்கும், இரண்டும் சேர்ந்தால் கரு என்று இருக்கும். அப்புறம் நேராகத் தாயின் வயிற்றுக்குள் குழந்தை வளரும் படங்கள், வாரக் கணக்கோடு. இரண்டும் எப்படிச் சந்தித்தன என்பதுதான் நூலில் கிடையாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இயல்பாக வரும் முதல் கேள்வியே அதுதான், அந்தக் கேள்விக்குத்தான் பதில் இல்லை.

நடுநிலைப் பள்ளியில் இன்னொரு முரண். பால்வினை நோய்கள் பாடத்தில் இருக்கின்றன. 'பாலியல் தொடர்பு' மூலம் எச்ஐவி பரவும், ஆணுறை அதைத் தடுக்க உதவும் என்று வருகிறது. ஆனால் அந்தத் தொடர்பு என்னவென்று விளக்க இடம் இல்லை. ஆணுறை நோயைத் தடுக்கும் பொருளாக வருகிறது, கர்ப்பத்தைத் தடுக்கும் பொருளாக வருவதில்லை. கருத்தடையும் கருக்கலைப்பும் மேல்நிலைப் பள்ளி உடல்நலப் பாடத்தில்தான் வருகின்றன, அதாவது 15 வயதுக்கு அப்புறம்.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அமைச்சகம் தன் நிலையைக் கேட்டால் 'நாங்கள் தடை செய்யவில்லை, எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி பொதுவாகக் கற்பிக்க வேண்டாம் என்கிறோம், தேவைப்படும் மாணவருக்குத் தனியாகச் சொல்லலாம்' என்றே சொல்லி வருகிறது. எழுத்தில் அது சரி. ஆனால் 'கையாளக் கூடாது' என்று அரசு அச்சிட்ட வரியைத் தாண்டிப் போக எத்தனை ஆசிரியர்களுக்குத் துணிச்சல் வரும்? வராததற்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

## பொம்மைகளைப் பறித்த நாள்

1992-ஐ ஜப்பானில் 'பாலியல் கல்வியின் முதல் ஆண்டு' என்று சொல்வார்கள். எய்ட்ஸ் பற்றிய பயம் பரவியிருந்த காலம், பாடத்திட்டமும் அந்த வருடம் மாறியது, பள்ளிகள் ஆர்வமாகக் கற்பிக்கத் தொடங்கின. அந்த அலை பத்து வருடம்தான் நீடித்தது.

டோக்கியோவின் ஹினோ நகரில் நனாவோ என்ற சிறப்புப் பள்ளி. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் படிக்கும் இடம். 1990-களின் பிற்பகுதியில் மாணவர்களுக்குள்ளேயே பாலியல் உறவு நடந்தது தெரியவந்தபோது, ஆசிரியர்கள் தண்டிப்பதோடு நிறுத்தவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வார்த்தையால் மட்டும் சொன்னால் புரியாது என்று உணர்ந்து, உடல் உறுப்புகள் உள்ள பொம்மைகளைச் செய்தார்கள். உறுப்புகளின் பெயரைச் சொல்லிப் பாடும் ஒரு பாட்டையும் உருவாக்கினார்கள். பெற்றோரோடு கலந்து பேசித்தான் இதையெல்லாம் செய்தார்கள். தன் உடலில் எது எது என்று பெயர் தெரியாத பிள்ளை, அங்கே யாராவது தொட்டால் வீட்டில் வந்து எப்படிச் சொல்லும்? அந்தப் பொம்மைகளின் தேவை அவ்வளவு நேரடியானது.

2003 ஜூலையில் டோக்கியோ மாநகர சபை உறுப்பினர்கள் மூன்று பேர், கல்வி வாரிய அதிகாரிகளோடும் ஒரு செய்தித்தாள் நிருபரோடும் பள்ளிக்குள் வந்தார்கள். பொம்மைகளைத் தரையில் கிடத்தி, கீழாடையை விலக்கிப் படம் எடுத்தார்கள். அடுத்த நாள் செய்தியில் அது 'அளவு மீறிய பாலியல் கல்வி' ஆனது. கற்பித்தல் பொருள்களைக் கல்வி வாரியம் எடுத்துக்கொண்டு போனது, பல ஆசிரியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. பொம்மையை எதற்காகச் செய்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் 2005-இல் வழக்குப் போட்டார்கள். 2009-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அரசியல்வாதிகள் செய்தது கல்வியில் முறையற்ற தலையீடு என்று சொல்லி 21 லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. 2011-இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியதும் தீர்ப்பு உறுதியானது. சட்டப்படி ஆசிரியர்கள் ஜெயித்தார்கள், ஆனால் ஜெயிக்கப் பத்து வருடம் ஆயிற்று. அந்தப் பத்து வருடத்தில் நாடு முழுக்க இருந்த மற்ற ஆசிரியர்கள் கற்றுக்கொண்டது வேறு பாடம்: இந்தப் பக்கம் போனால் வேலைக்கு ஆபத்து.

அதே காலத்தில் மேலிடத்திலும் காற்று அப்படித்தான் வீசியது. 2005-இல் ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி 'அளவு மீறிய பாலியல் கல்வியை' விசாரிக்க ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் ஷின்சோ அபே, அடுத்த வருடமே பிரதமர் ஆனவர். பாலியல் கல்வியை எதிர்ப்பவர்கள் எப்போதும் எடுத்துப் பேசும் ஒரு சொலவடை ஜப்பானிய மொழியில் உண்டு: 'தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே.' தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் அது செய்து பார்க்கும் என்ற வாதம். கைப்பேசி வந்த பிறகு எந்தப் பிள்ளையும் தூங்கிக்கொண்டு இருக்கவில்லை. பள்ளி சொல்லாததை ஆபாசக் காணொளி சொல்லிக் கொடுத்தது, அதில் கருத்தடையும் கிடையாது, 'உனக்குச் சம்மதமா' என்ற கேள்வியும் கிடையாது.

2018-இல் இன்னொரு சோதனை வந்தது. டோக்கியோவின் அடாச்சி பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில், படிப்பு முடித்து வெளியே போகப்போகும் 15 வயது மாணவர்களுக்குக் கருத்தடை, கருக்கலைப்பு என்ற சொற்களைப் பயன்படுத்திப் பாடம் நடத்தியதை ஒரு சபை உறுப்பினர் கண்டித்தார். இந்த முறை கதை வேறு மாதிரி போனது. பொதுமக்களில் பெரும் பகுதி பள்ளியின் பக்கம் நின்றது. 2019-இல் டோக்கியோ கல்வி வாரியம் தன் பாலியல் கல்விக் கையேட்டைத் திருத்தி, பெற்றோருக்கு விளக்கிச் சொல்லி அவர்கள் ஒப்புதலோடு வழிகாட்டியைத் தாண்டியும் கற்பிக்கலாம் என்று எழுதியது. தொடர் அதற்கு அடுத்த வருடம் வந்தது.

## தொலைக்காட்சி அதுவரை என்ன சொன்னது

பள்ளிப் பிள்ளைகளின் பாலியலை ஜப்பானியத் தொலைக்காட்சி முதல்முறை தொட்டது 2020-இல் இல்லை. டிபிஎஸ் தொலைக்காட்சி 1979-இல் தொடங்கிய 'மூன்றாம் ஆண்டு பி வகுப்பு கின்பாச்சி ஆசிரியர்' தொடரின் முதல் பாகத்திலேயே 15 வயது மாணவி கர்ப்பமாகிறாள். அப்போது அது நாட்டையே உலுக்கிய கதை. அதே தொடரின் 2001 பாகத்தில் ஆயா உவேடோ நடித்த மாணவி தன் உடலின் பாலினத்தோடு ஒன்ற முடியாமல் தவிப்பாள். 2003-இல் பாலினப் பதிவை மாற்ற அனுமதிக்கும் சட்டம் ஜப்பானில் நிறைவேறியது. மக்களின் மனம் அதற்குப் பழகியதில் அந்தப் பாத்திரத்துக்கும் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன். 2006-இல் நிப்பான் டிவியின் '14 வயதுத் தாய்' வந்தது. யூமிகோ இனோவே எழுதியது, நாயகியாக மிராய் ஷிதா.

இவை நல்ல தொடர்கள்தான், அக்கறையோடு எடுத்தவை. ஆனால் ஒன்றை வரிசையாகக் கவனித்தால் தெரியும். பாலுறவு என்றால் அது ஒரு விபத்து, அதன் விலை கர்ப்பம், அதன் தீர்வு குடும்பத்தின் கண்ணீரும் தாய்மையின் மகத்துவமும். பிள்ளை பிறந்த பிறகு என்ன செய்வது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிறக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று இரண்டு நிமிடம் பேசுவது அரிது.

காதல் தொடர்கள் வேறு வகையில் கற்றுக்கொடுத்தன. 'கபேதோன்' என்று ஒன்று. சுவரோரம் நிற்கும் பெண்ணைத் தடுத்து, அவள் தலைக்குப் பக்கத்தில் சுவரில் 'தொம்' என்று கையை ஓங்கி வைத்து நிற்பான் நாயகன். சிறுமிகளுக்கான மங்கா என்ற படக்கதைகளில் இருந்து திரைக்கு வந்து, 2014-இல் அந்த வருடத்தின் பிரபலச் சொற்கள் முதல் பத்தில் இடம்பிடித்தது. திரையில் அது காதல். ஆளில்லாத படிக்கட்டில் பிடிக்காத ஒருவன் அதையே செய்தால் அந்தப் பெண்ணுக்கு அது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'வேண்டாம் வேண்டாம் என்பதும் விருப்பத்தில் சேர்த்தி' என்று ஒரு பழமொழியே அங்கே உண்டு. மறுப்பைக் கேட்காமல் இருக்க மொழியே பயிற்சி கொடுக்கிறது.

'17.3' இந்த இரண்டு வழியையும் விட்டுவிட்டது. பாலுறவு அதில் தண்டனை கொண்டுவரும் குற்றமாக வரவில்லை, மயக்கும் கனவாகவும் வரவில்லை. எப்போது, யாரோடு, எந்தப் பாதுகாப்போடு, வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது, சொன்னதை எதிரில் இருப்பவன் எப்படிக் கேட்டுக்கொள்வது என்று கேள்விகளாக வருகிறது. இணையத் தளத்தில் வந்தது இதற்கு உதவியது. மாலை நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் பெட்டியில் இதை ஒரு 17 வயதுப் பெண் நிம்மதியாகப் பார்க்க முடியாது. கைப்பேசியில் தனியாகப் பார்க்கலாம்.

## சம்மத வயது 13: செய்தியில் வந்த குழப்பம்

தொடரில் சம்மதம் என்ற சொல்லுக்கு அவ்வளவு அழுத்தம் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 'ஜப்பானில் சம்மத வயது 13' என்று 2023 வரை உலகச் செய்திகளில் வந்துகொண்டே இருந்தது. பாதி உண்மை. தெளிவாகப் பிரித்துச் சொன்னால்:

1. 1907-இல் எழுதிய தண்டனைச் சட்டம் 13 வயது என்று வைத்தது. 13-க்குக் கீழ் என்றால் எந்தச் சூழ்நிலையிலும் வல்லுறவு.

2. அதற்கு மேலே ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ளூர் விதிகள் உண்டு. 18-க்குக் கீழ் உள்ளவரோடு முறையற்ற பாலுறவு வைத்தால் தண்டனை. கடைசியாக நகானோ மாகாணம் 2016-இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. ஆக, 13 வயதுப் பிள்ளையோடு எதுவும் செய்யலாம் என்ற நிலை இல்லை. ஆனால் உள்ளூர் விதியின் தண்டனை மிகக் குறைவு, வல்லுறவு என்ற பெயரும் அதற்குக் கிடையாது.

3. 13 வயதைத் தாண்டியவர் வல்லுறவு என்று புகார் கொடுத்தால், வன்முறையோ மிரட்டலோ இருந்தது, எதிர்க்கவே முடியாத நிலையில் இருந்தேன் என்று 2023 வரை நிறுவ வேண்டியிருந்தது. 'எனக்குச் சம்மதம் இல்லை' என்பது மட்டும் போதவில்லை.

மூன்றாவதுதான் வேதனையான இடம். 2017-இல் 110 வருடத்துக்குப் பிறகு சட்டத்தைப் பெரிதாகத் திருத்தினார்கள், ஆண்களும் பாதிக்கப்பட்டவர்களாக வரலாம் என்று மாற்றினார்கள், குறைந்தபட்ச தண்டனையை 3 வருடத்திலிருந்து 5 ஆக்கினார்கள். ஆனால் இந்த நிபந்தனையைத் தொடவில்லை. 2019 மார்ச்சில் வரிசையாக நான்கு வழக்குகளில் விடுதலைத் தீர்ப்பு வந்தது. அதில் ஒன்று, 19 வயது மகளிடம் தந்தையே வன்கொடுமை செய்த வழக்கு. மகளுக்குச் சம்மதம் இல்லை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் எதிர்க்கவே முடியாத நிலை என்று சொல்ல முடியாதாம், விடுதலை. அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அதை மாற்றி 10 வருடச் சிறை விதித்தது. ஆனால் அந்த முதல் தீர்ப்பு வந்த கையோடு 2019 ஏப்ரல் 11 அன்று டோக்கியோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெண்கள் கையில் பூக்களோடு கூடினார்கள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதி, நகரத்துக்கு நகரம் பரவியது. மேடையில் ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். 'பூ ஆர்ப்பாட்டம்' என்று அதற்குப் பெயர்.

2023-இல் சட்டம் மாறியது. குற்றத்தின் பெயரே 'சம்மதமற்ற பாலுறவு' ஆனது. மது, தூக்கம், பயத்தில் உறைந்து போதல், பதவியின் அழுத்தம் என்று சம்மதம் சொல்ல முடியாமல் போகும் எட்டு வகைச் சூழ்நிலைகளைச் சட்டமே பட்டியலிட்டது. சம்மத வயது 16 ஆனது. இதிலும் ஒரு விவரம் உண்டு: 13 முதல் 15 வயது வரை உள்ளவரோடு உறவு வைத்தவர் அவரைவிட 5 வயதோ அதற்கு மேலோ மூத்தவராக இருந்தால் குற்றம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரைக் குற்றவாளி ஆக்காமல், வயதைப் பயன்படுத்தி வளைக்கும் பெரியவர்களைப் பிடிக்க வைத்த விதி அது.

சட்டம் 2023-இல் சொன்னதைத் தொடர் 2020-இலேயே மூன்று பள்ளிப் பெண்களின் பேச்சாகச் சொல்லிவிட்டது. நியாயம் எது என்று ஊருக்குள் முதலில் பேச வேண்டும், சட்டப் புத்தகத்தில் அப்புறம்தான் ஏறும்.

## ஆசையே இல்லாதவர்களும் உண்டு

தொடரில் எனக்கு மிகவும் மதிப்பு வந்த முடிவு ட்சுமுகி பாத்திரம். மற்ற இருவரும் காதல், முத்தம் என்று பேசும்போது அவளுக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை. யார் மேலும் பாலியல் ஈர்ப்பு வராத தன்மைக்கு 'ஏசெக்சுவல்' என்று ஒரு பெயர் உண்டு, பாலீர்ப்பின்மை என்று சொல்லலாம். பாலியல் கல்வி பற்றிய தொடரில் 'எனக்கு வேண்டாம், எப்போதுமே தோன்றியதில்லை' என்பவளை மூன்று நாயகிகளில் ஒருத்தியாக வைத்திருப்பது சும்மா இல்லை. 17.3 என்ற எண்ணுக்கு அவள்தான் முழுப் பதில்.

புள்ளிவிவரமும் அந்தப் பக்கம்தான் போகிறது. ஜப்பானியப் பாலியல் கல்விச் சங்கம் 1974 முதல் ஏறத்தாழ ஆறு வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களிடம் கணக்கெடுக்கிறது. மேல்நிலைப் பள்ளி மாணவிகளில் பாலுறவு அனுபவம் உள்ளவர்கள் 2005-இல் சுமார் 30 சதவீதம். 2017-இல் 20-க்கும் கீழே. மாணவர்களிலும் இதே இறக்கம்தான். 'சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்' என்று பயப்படுபவர்களும், 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான்' என்பவர்களும் இந்த எண்களோடு பொருந்தவில்லை.

## 72 மணி நேரம்

இனி இதெல்லாம் ஒரு பிள்ளையின் மேல் எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். தொடர் வந்த 2020-ஆம் வருடம், டோக்கியோவில் 17 வயதுப் பெண். வெள்ளிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது.

அவசர கருத்தடை மாத்திரை ஜப்பானில் 2011-இலேயே அனுமதி பெற்றது. 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும், முந்தினால் பலன் அதிகம். அந்தப் பெண்ணின் கெடு திங்கள் இரவு.

1. முதலில் அப்படி ஒரு மாத்திரை இருப்பது தெரிய வேண்டும். நடுநிலைப் பள்ளிப் பாடம் சொல்லவில்லை.

2. தெரிந்தாலும் மருத்துவர் சீட்டு வேண்டும். பல மகப்பேறு மருத்துவமனைகளுக்குச் சனி மதியத்தோடு கதவு சாத்தியாகிவிடும், ஞாயிறு விடுமுறை. அங்கே காத்திருப்போர் நாற்காலிகளில் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள் இருப்பார்கள், நடுவில் இவள்.

3. காப்பீடு இதற்குக் கிடையாது. 6,000 முதல் 20,000 யென் வரை ஆகும். அந்த வருடம் டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,013 யென். கடையில் பகுதிநேர வேலை பார்ப்பவள் என்றால் ஆறு மணி முதல் இருபது மணி நேரம் வரையான கூலி.

4. வீட்டில் கேட்க முடியாது என்பதால்தானே இவ்வளவும்.

மாத்திரையைச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் விற்கலாமா என்று அரசுக் குழு 2017-இல் ஆலோசித்து வேண்டாம் என்று முடிவு செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, மக்களிடம் பாலியல் அறிவு போதவில்லை என்பது. பள்ளியில் சொல்லித் தர மாட்டார்கள், தெரியாது என்பதைக் காட்டி மருந்தும் தர மாட்டார்கள். இந்த வட்டத்துக்குள் சிக்குவது அந்த வெள்ளிக்கிழமைப் பெண்தான்.

இந்தத் தயக்கம் புதிதும் இல்லை. ஆண்களுக்கான வயாகரா விண்ணப்பித்த ஏறத்தாழ ஆறு மாதத்தில் 1999 ஜனவரியில் அனுமதி பெற்றது. தினசரி விழுங்கும் குறைந்த அளவு கருத்தடை மாத்திரை ஒன்பது வருடமாகப் பரிசீலனையில் கிடந்தது. வயாகராவுக்கு எவ்வளவு வேகம் என்று பெண்கள் கேட்கத் தொடங்கிய பிறகு அதே வருடம் ஜூனில் அனுமதி வந்தது. 2019-இல்கூட அதைப் பயன்படுத்தியவர்கள் 100 பெண்களில் 3 பேர் அளவில்தான். பாதுகாப்பு முழுவதும் ஆணுறையை, அதாவது ஆண் ஒத்துக்கொள்வதை நம்பி நிற்கிறது. சம்மதம் பற்றிப் பேசும் தொடர் கருத்தடை பற்றியும் பேசியே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

2023 நவம்பரில் 145 மருந்துக்கடைகளில் சோதனை விற்பனை தொடங்கியது. 16 வயது ஆகியிருக்க வேண்டும், 18-க்குள் என்றால் பெற்றோரோடு வர வேண்டும் என்று நிபந்தனை. வீட்டில் சொல்ல முடியாதவளுக்கு அந்தக் கதவும் மூடித்தான் இருந்தது. 2025-இல் முழு அனுமதி கிடைத்து, 2026 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது வயது வரம்பையும் பெற்றோர் ஒப்புதலையும் எடுத்துவிட்டார்கள். பயிற்சி பெற்ற மருந்தாளுநர் முன்னால் விழுங்க வேண்டும், விலை 7,000 யென்னுக்கு மேல்.

பள்ளியில் 2023 முதல் 'உயிர்ப் பாதுகாப்புக் கல்வி' என்று ஒன்று நாடு முழுக்க வந்திருக்கிறது. நீச்சல் உடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்கும், காதலிப்பவர்களுக்குள் நடக்கும் வன்முறை பற்றிப் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் பாதிக்கப்படாமலும் பாதிக்காமலும் இருப்பது எப்படி என்று சொல்லும் அந்தப் பாடத்திலும் உடலுறவு என்ன என்ற விளக்கம் கிடையாது. யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி, கரு எப்படி உருவாகிறது என்பதை 9 முதல் 12 வயதுக்குள் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

பாடத்திட்டத்தின் அடுத்த திருத்தத்துக்கான ஆலோசனை 2024 டிசம்பரில் தொடங்கியது. தடுப்பு வரிகளை எடுக்கச் சொல்லி மருத்துவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கையெழுத்து சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். திருத்தம் வகுப்பறைக்கு வந்து சேர 2030 ஆகிவிடும். இன்று ஐந்தாம் வகுப்பில் அந்த அறிவியல் நூலைத் திறக்கிற பிள்ளை அதற்குள் நடுநிலைப் பள்ளிக்குப் போயிருக்கும்.